மூடியிருந்தால் குடிக்கலாம்

எரிமலைச் சாம்பல் விழுந்த மறுநாள் காலை முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?” “மூடியிருந்தால் குடிக்கலாம்” என்பது எரிமலையடி ஊர்களின் குடிநீரைக் கவனிக்கும் துறையில் பழகிப்போன பதில். கணக்கும் அதன் பக்கம்தான். இருந்தும் அந்தப் பதில் உறுத்துகிறது.

எரிமலை வாயுக்கள் சாம்பல் துகள்மேல் குளோரைடு, சல்பேட், ஃபுளோரைடு உப்புகளாகப் படிந்திருக்கும். தண்ணீர் பட்டவுடன் கரைபவை இவைதான். ஒரு பங்கு சாம்பலை இருபது பங்கு நீரில் ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டிப் பார்த்தால் அளவு தெரியும். கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு வந்தது என்று வைப்போம். 50 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் படிந்தாலே சுமார் 50 கிலோ சாம்பல். அதில் 5 கிராம் ஃபுளோரைடு. மழை அத்தனையையும் அடித்துவந்து தொட்டியில் சேர்த்து, தொட்டியில் 2,500 லிட்டர் நீர் இருந்தால், லிட்டருக்கு 2 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் உச்ச அளவு 1.5. இதே சாம்பல், 3 மீட்டர் நீர் நிற்கும் திறந்த கிணற்றில் நேராக விழுந்தால் ஏறுவது 0.03தான். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அம்ப்ரிம் தீவில் பிள்ளைகளின் பல்லில் ஃபுளோரைடு கறை ஏறியதற்கும் காரணம் எரிமலைப் புகையில் நனைந்து வந்த மழைநீர்தான். அதனால் சாம்பல் வருமுன்னே கூரைக் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றிவிட வேண்டும். கூரையைக் கூட்டி, முதல் மழையை வெளியே விட்ட பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.

எதற்கு வம்பு, கிணற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே? சொன்னால் ஜனம் ஓடைக்குப் போகும். கலங்கிய ஓடைநீரில் குளோரின் போட்டாலும் துகள்களின் மறைவில் கிருமி பிழைத்துக்கொள்ளக்கூடும். வயிற்றுப்போக்கு ஃபுளோரைடைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும். ஆக, அந்தப் பதில் சரிதான்.

சரிதானா? அது மேலிருந்து விழுவதற்கு மட்டுமான பதில். கீழிருந்து வருவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. பாறைக்குழம்பு மேலேறும்போது கரியமிலவாயு நிலத்தடி நீரில் கரைந்து அதைப் புளிப்பாக்கும். பாறையிலுள்ள இரும்பும் மாங்கனீசும் நீருக்குள் வரும். கரைந்தது போக மிஞ்சிய வாயு, காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள் தேங்கும். கலிபோர்னியாவின் மம்மத் மலையில் 1990 வாக்கில் மரங்கள் நின்ற நிலையிலேயே செத்தது மண்ணுக்குள் நிறைந்த இந்த வாயுவால்தான். 1986இல் கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து கிளம்பி 1,700 பேருக்கு மேல் கொன்றதும் இதுவே.

குடிக்கலாம் என்ற பதிலைக் கேட்டவர் அடுத்துச் செய்வது என்ன? சாம்பலை அள்ளக் கிணற்றில் இறங்குவார். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையவில்லை என்ற தைரியத்தில் இறங்குவார். சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளை மயக்கும் அளவு வாயு அங்கே இருக்கலாம். வாயுமானி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. மயங்கியவரைத் தூக்க இன்னொருவரும் கூடாது.

நீரின் வெப்பம், அமிலத்தன்மை, மின்கடத்துதிறன் மூன்றையும் மலை அமைதியாக இருக்கும் நாளிலேயே அளந்து எழுதி வைத்திருந்தால், மாற்றம் தெரியும். எழுதி வைக்காத கிணற்றில் இன்று கிடைக்கும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது?

அப்படியானால் “இறங்காதீர்கள்” என்பதையே முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. சொன்னால், குடத்தோடு நிற்பவர் அந்தக் கிணற்றையே கைவிட்டு ஓடைக்குப் போய்விடவும் கூடும்.