பாறைமேல் ஓர் ஊர், அதற்கு ஓர் அணி: ஃபிளின் ஃபிளான் நாட்குறிப்பு

30 ஆகஸ்ட் 2025, சனி

பையன் வந்து சேர்ந்துவிட்டான். வயது பதினெட்டு. கனடாவின் சஸ்காச்சவான் மாகாணத்தில், தெற்கே கோதுமை விளையும் சமவெளியில் வளர்ந்தவன். ஒரு பெட்டி நிறையத் துணி, ஆள் உயரத்துக்கு ஒரு பையில் பனி ஹாக்கிச் சாமான், கட்டாகக் கட்டிய நான்கு மட்டைகள். மாடி அறையைக் காட்டினேன். ஜன்னல் வழியே புகைபோக்கி தெரிவதைப் பார்த்து, அது எவ்வளவு உயரம் என்றுதான் முதலில் கேட்டான். 251 மீட்டர். தாமிர உருக்காலையை 2010-இல் மூடிவிட்டார்கள். புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

எங்கள் ஊர் அணியான ஃபிளின் ஃபிளான் பாம்பர்ஸில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் இவனைப் போல வெளியூர்ப் பிள்ளைகள். எல்லாரும் இருபது வயதுக்குள், அல்லது அதை ஒட்டி. செப்டம்பர் முதல் வசந்தம் வரை ஊர்க் குடும்பங்கள் அவர்களை வீட்டோடு வைத்துக்கொள்ளும். பில்லட் என்பார்கள். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறோம். இந்த வருடம்தான் நான் பெயர் கொடுத்தேன்.

காரணம், மே மாதத்துக் காட்டுத்தீ. 28-ஆம் தேதி ஐயாயிரம் பேரையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். ஜூன் 25-இல்தான் திரும்ப அனுமதித்தார்கள். ஊர் தப்பியது. பக்கத்து டெனரே பீச்சில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாகிவிட்டன. அந்த நான்கு வாரமும் எங்களை வைத்துச் சோறு போட்டது முன்பின் அறியாத ஒரு குடும்பம். கிளம்பும்போது பணம் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். அந்தக் கடன் நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

13 செப்டம்பர், சனி

காலையில் பையனை ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனேன். மண் என்று சொல்லிக்கொள்ள இங்கே அதிகம் கிடையாது, எல்லாம் பாறை. குழாய் புதைக்கப் பள்ளம் தோண்ட முடியாமல், கழிவுநீர்க் குழாய்களைத் தரைக்கு மேலேயே ஓடவிட்டு மரப்பெட்டியால் மூடியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிகள்தான் பல தெருக்களில் நடைபாதை. பையன் அதன்மேல் நடந்து பார்த்து, உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது என்றான்.

ஊரின் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1905-இல் வெளிவந்த மலிவு விலை நாவல் ஒன்றின் நாயகன் ஜோசையா ஃபிளின்டபாட்டி ஃபிளானட்டின். ஏரியின் அடியாழத்துக்கு நீர்மூழ்கியில் போய் அங்கே ஒரு தங்க உலகைக் காண்பவன். தாது தேடி அலைந்தவர்கள் தாங்கள் கண்ட இடத்துக்கு அவன் பெயரைச் சுருக்கி வைத்துவிட்டார்கள். ஊர் வாயிலில் அவனுக்குப் பெரிய சிலையே இருக்கிறது.

ஹட்சன் பே சுரங்கக் கம்பெனி பதிவானது 1927-இல். அணியும் தன் பிறந்த ஆண்டாக 1927-ஐத்தான் சொல்கிறது. ரயில் பாதையே அதற்கு அடுத்த ஆண்டுதான் ஊரை எட்டியது. தாமிரம் வெளியே போக வழி பிறக்கும் முன்னரே இங்கே ஹாக்கி ஆடியிருக்கிறார்கள். இதைச் சொன்னபோது பையன், “குளிர்காலத்தில் வேறு என்ன செய்வார்கள்?” என்று கேட்டான். நியாயம்தான்.

28 செப்டம்பர், ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயது. நாற்பது வருடம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். பையன் எங்கள் வீட்டில் தங்குகிறான் என்று தெரிந்ததும் ஒரு பை நிறைய உருளைக்கிழங்கோடு வந்துவிட்டார். வந்தவர் 1957-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் பேசினார்.

மெமோரியல் கோப்பை, முதல் உலகப் போரில் இறந்த கனடிய வீரர்களின் நினைவாக 1919-இல் ஏற்படுத்தப்பட்டது. ஜூனியர் ஹாக்கியில் அதற்கு மேல் கோப்பை இல்லை. 1957 இறுதிச் சுற்றில் பாம்பர்ஸுக்கு எதிரணி ஒட்டாவா-ஹல் கனடியன்ஸ். மான்ட்ரியால் கனடியன்ஸ் என்ற பெரிய அணியின் நாற்றங்கால் அது. பொறுப்பில் இருந்தவர்கள் சாம் பாலக், ஸ்காட்டி போமன். பின்னாளில் ஹாக்கி உலகையே ஆண்ட இரண்டு மூளைகள் என்றால் அது இவர்கள்தான். இந்தப் பக்கம் பயிற்சியாளர் பாபி கர்க். தலைவன் டெட் ஹாம்ப்சன், சஸ்காச்சவானில் டோகோ என்ற சிற்றூரில் பிறந்த, உயரம் குறைந்த பையன்.

ஆட்டம் ஏழு வரை போனது. மூன்றுக்கு மூன்று. ஏழாவது ரெஜைனாவில். பெரியவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டு வானொலியைச் சுற்றி அண்டை அயலார் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்களாம். அப்பா இரவு வேலைக்குப் போக வேண்டியவர். சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடியே கதவருகே நின்று கேட்டாராம். பாம்பர்ஸ் வென்றது என்று அறிவித்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. அப்பா அழுது அவர் பார்த்தது அந்த ஒரு முறைதானாம்.

இவ்வளவு வடக்கே உள்ள எந்த அணியும் அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கோப்பையை வென்றதில்லை.

அந்த அணியில் பாடி கின்னல் என்று ஓர் ஆட்டக்காரன் இருந்தான். அந்தப் பெயரை மறக்காதே என்று பையனிடம் விரல் நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

11 அக்டோபர், சனி

விட்னி ஃபோரம் அரங்கில் இன்று பயிற்சி பார்த்தேன். 1958-இல் திறந்தது, கோப்பை வென்ற மறு வருடம். உட்கார்ந்தால் குளிர் பலகை வழியாக முதுகெலும்பில் ஏறுகிறது. பையன் ஸ்கேட்டைத் திருப்பி நிறுத்தும்போது ‘சர்ர்’ என்று பனித்தூள் எழும்பிக் கண்ணாடியில் அடிக்கிறது. அந்தச் சத்தம் தொலைக்காட்சியில் கேட்பதில்லை.

வீட்டில் அடித்தளம் முழுக்க அவன் சாமான் உலர்கிறது. நாற்றம் சொல்லி மாளாது. இரவில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மட்டையின் நுனிக்குக் கறுப்பு நாடா சுற்றுவான். அடியிலிருந்து தொடங்கி ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி, சுருக்கமில்லாமல். சுற்றி முடித்ததும் மெழுகு தேய்ப்பான். என் பாட்டி பூத் தொடுக்கும்போது முகம் இப்படித்தான் இருக்கும்.

14 நவம்பர், வெள்ளி

இன்று உலக நீரிழிவு நாள். இன்சுலினை 1921-இல் டொரான்டோவில் கண்டுபிடித்த பான்டிங்கின் பிறந்த நாள். நான் மருந்தாளர், நாள் முழுவதும் இன்சுலின் பேனாக்களையும், சர்க்கரையைக் கணத்துக்குக் கணம் காட்டும் வில்லைகளையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்ததும், பாம்பர்ஸில் ஆடிய பாபி கிளார்க்கைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

1949-இல் இதே ஊரில் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே முதல் வகை நீரிழிவு. அந்தக் காலத்துச் சிகிச்சை எப்படி இருந்தது என்று என் தொழிலில் உள்ளவர்களுக்குத்தான் புரியும். இரத்தச் சர்க்கரையை வீட்டில் பார்க்கும் கருவி கிடையாது. சோதனைக் குழாயில் சில சொட்டுச் சிறுநீர், தண்ணீர், அதில் ஒரு மாத்திரை. கொதித்து நிறம் மாறும். நீலம் என்றால் நல்லது, ஆரஞ்சு என்றால் ஆபத்து. அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். இதை நம்பிக்கொண்டு ஒரு பையன் மோதலே ஆட்டமான ஆட்டத்தை ஆடினான். 1967-68-இல் 59 ஆட்டங்களில் 51 கோல் அடித்து, 117 கோலுக்குத் துணை நின்றான். 168 புள்ளிகள். மறு வருடம் 137. 1969-இலும் 1970-இலும் மேற்குக் கனடா லீக்கின் கோப்பை இந்த ஊருக்கு வந்தது.

ஆனாலும் பெரிய அணிகள் தயங்கின. சர்க்கரை நோயாளி தாங்க மாட்டான் என்பது பேச்சு. அப்போது பயிற்சியாளராக இருந்தவர் அந்தப் பாடி கின்னல்தான். வாயால் வாதாடிப் பயனில்லை என்று கண்டு, கிளார்க்கை மினசோட்டாவின் மேயோ மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனார். உடம்பைக் கவனித்துக்கொண்டால் தொழில்முறையில் ஆடத் தடையில்லை என்று மருத்துவர்களிடம் சான்று பெற்றார். பெரிய அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் 1969 தேர்வில், முதல் சுற்றில் ஒருவரும் கிளார்க்கைத் தொடவில்லை. ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ்கூட முதலில் வேறொருவரை எடுத்துவிட்டு, பதினேழாவது இடத்தில்தான் இவரை எடுத்தது. அதன் பிறகு 1,144 ஆட்டங்கள், 1,210 புள்ளிகள். 1974-இலும் 1975-இலும் அவர் தலைமையில் ஸ்டான்லி கோப்பை, தொழில்முறை ஹாக்கியின் உச்சக் கோப்பை.

புள்ளிவிவரத்தைவிட அந்தப் பயணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் அணியைவிட்டுப் போகப்போகிற ஒரு பையனுக்காக ஒரு மனிதர் எல்லை தாண்டிப் போய் ஒரு தாளை வாங்கி வந்தார். நோய் தெரிந்த முதல் வாரத்தில் கடைக்கு வந்து விறைத்துப்போய் நிற்கும் தாய்மாரிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். ஊசி போடும் முறை அதற்குப் பிறகு.

16 நவம்பர், ஞாயிறு

முந்தாநாள் எழுதியதைப் படித்தேன். ஒரு பக்கம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கின்னலின் அணி முரட்டு அணி. இந்த ஊருக்கு ஆட வரும் முன் எதிரணிப் பையன்களுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகுமாம். ‘ஃபிளின் ஃபிளான் ஃப்ளூ’ என்றே அதற்குப் பெயர். பெரியவர் இதைச் சொல்லும்போது முகம் மலர்கிறது. எனக்கு மலரவில்லை. 1972-இல் சோவியத் அணியுடன் கனடா ஆடிய தொடரின் ஆறாவது ஆட்டத்தில் எதிரணி ஆட்டக்காரர் கர்லமோவின் கணுக்காலை மட்டையால் அடித்தவரும் இதே கிளார்க்தான். பையனிடம் இதைச் சொன்னேன், மழுப்பவில்லை. மோதலாம், தடுக்கலாம்; ஆளின் எலும்பைக் குறிவைப்பது ஆட்டம் ஆகாது.

ரெஜி லீச்சைச் சொல்லாமல் விடக் கூடாது. ரிவர்ட்டன் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த ஒஜிப்வே பழங்குடிப் பையன். கிளார்க் தள்ளிக் கொடுக்க, லீச் வலைக்குள் அடிக்க, 1967-68-இல் மட்டும் 87 கோல். இருவரும் பிறகு ஃபிலடெல்ஃபியாவில் மீண்டும் சேர்ந்தார்கள். 1976 கோப்பைச் சுற்றில் 19 கோல் அடித்தார் லீச். குடி அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதைவிட்டு மீண்டு வந்து, அதை மறைக்காமல் பழங்குடிப் பிள்ளைகளிடம் பேசினார். ஊரில் கிளார்க்கின் பெயர் ஒலிக்கும் அளவுக்கு லீச்சின் பெயர் ஒலிப்பதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.

29 நவம்பர், சனி

கணவர் ஸ்னோ லேக்கிலிருந்து வந்திருக்கிறார். இந்த ஊரின் 777 சுரங்கத்தை 2022 ஜூனில் மூடியதிலிருந்து அங்கேதான் முகாமில் தங்கி முறைவேலை. சாப்பிடும்போது பையன் கேட்டான்: சுரங்கம் போன பிறகு அணி மட்டும் எப்படி நிற்கிறது?

அவன் கேள்வி எனக்குப் புதிதல்ல. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பாவும் தாத்தாவும் தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர்கள். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு வளர்ந்தோம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். விடியுமுன் பெங்களூருக்கு ரயில் ஏறி, இருட்டிய பின் வீடு திரும்பும் ஊராகிவிட்டது அது. எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே இருந்த மைதானத்தில் முள் மண்டிவிட்டது.

இங்கேயும் அணி ஒரு முறை போய்விட்டது. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்ததே கம்பெனிதான். சுரங்கத்தில் கொஞ்ச நேரம் வேலை, பிறகு பயிற்சி, மாதச் சம்பளம். அந்த ஆதரவு இருந்தும் பெரிய லீக் இவ்வளவு சின்ன ஊருக்குக் கட்டுப்படியாகவில்லை. 1978-இல் அணியின் உரிமம் எட்மன்டனுக்குப் போனது. அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பார்கள். ஊரார் ஒரு படி கீழே இறங்கி, அதே பெயரில் மறுபடி தொடங்கினார்கள். ஊர் இருப்பது மானிடோபா, சஸ்காச்சவான் மாகாணங்களின் எல்லைக் கோட்டில். 1984-இலிருந்து ஆடுவது சஸ்காச்சவான் லீக்கில். 1993-இல் அந்த லீக்கையும் வென்றார்கள்.

2022 வசந்தத்தை நானே பார்த்தேன். சுரங்கம் மூட இரண்டு மாதம் இருந்தது. பாம்பர்ஸ் இறுதிச் சுற்றுக்கு வந்து, எஸ்டிவன் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. கடைசிச் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். யாரோ வழக்கப்படி மூஸ் மானின் காலைப் பனித்தரையில் வீசினார்கள். முதன்முதலில் பார்த்தபோது அருவருத்தவள், அன்று எழுந்து நின்று கத்தினேன்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லி முடித்தபோது சாதம் ஆறிவிட்டது. கணவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: “வீடுகள்.” பையனுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

நெடுஞ்சாலையில் பனிப்புயல் எச்சரிக்கை. அவன் பஸ்ஸில் எங்கோ இருக்கும் நாட்களில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. 2018 ஏப்ரல் 6-இல் இதே லீக்கின் ஹம்போல்ட் பிரான்கோஸ் அணி நிப்பாவினுக்கு ஆடப் போன பஸ்ஸும் ஒரு லாரியும் மோதிப் பதினாறு பேர் இறந்தார்கள். அதை அடுத்த நாட்களில் நாடு முழுவதும் வாசலில் ஹாக்கி மட்டையைச் சாய்த்து வைத்து விளக்கை எரியவிட்டார்கள். எங்களிடம் மட்டை இல்லை. விளக்கை மட்டும் எரியவிட்டோம்.

இன்று வாசலில் மட்டை இருக்கிறது. அவன் ஈரம் காயச் சாய்த்து வைத்தது. உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

20 டிசம்பர், சனி

கிறிஸ்துமஸ் விடுமுறை. ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது. அவன் அப்பா அதற்கு முன்பே வந்துவிட்டார், இரவு முழுக்க வண்டி ஓட்டியிருக்கிறார். கைகுலுக்கிவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். தோசை வார்த்துப் போட்டேன். மூன்று சாப்பிட்டார். மகன் எப்படிப் பிய்த்துச் சட்னியில் தோய்ப்பது என்று அவருக்குச் செய்து காட்டினான்.

கிளம்பும்போது பெரியவர் பனி வாரும் கரண்டியோடு வந்து, ஜனவரியில் சீக்கிரம் வந்துவிடு, என் வாசல் பனியைத் தள்ள ஆள் வேண்டும் என்றார். பையனின் அப்பா பணப்பையைத் திறந்து என் பக்கம் திரும்பினார். நான் அதை மூடி அவர் கையிலேயே வைத்தேன்.

சாமான் பையை எடுத்துப் போகவில்லை. அடித்தளத்தில்தான் இருக்கிறது, அதே நாற்றத்தோடு.