குழவிக்கு வந்த வேலை

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயந்தரம் 5 மணிக்குத்தான் வரும். தெரிந்த கதைதான். ஆச்சி, அதாவது என் அக்கா, வீட்டுப் புது மாப்பிள்ளை சாப்பிட வருகிற அன்றைக்கா நிறுத்த வேண்டும்?

உழக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இப்படி மூன்று உழக்கு 7 மணிக்கே ஆத்தா ஊறப்போட்டாயிற்று. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு வெண்ணெயாக இருக்கணும், புளிக்கவும் கூடாது.

"ஆட்டுரல் எதுக்குடா இருக்கு?"

இருக்கத்தான் செய்கிறது. 2011-ல் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தார்களே, அந்தக் கிரைண்டர் அடுப்படிக்குள் வந்ததும் ஆட்டுரல் கிணற்றடிக்குப் போய்விட்டது. குழியில் மண் போட்டு ஓமவல்லி வைத்தது நான்தான். குழவி, பர்மாத் தேக்குக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர் வந்தபோது மங்குச் சாமானுக்கெல்லாம் விலை சொன்னவர், குழவியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

செடியைப் பிடுங்கி, எறும்பை விரட்டி, நாலு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி உட்கார்ந்தேன். 'அம்மி கொத்தலையோ' குரல் கேட்டு எத்தனை வருஷமாச்சு, கல் வழவழவென்று வழுக்கியது. பத்துச் சுற்றில் தோள்பட்டை கழன்றது. கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளில் தங்க வரும் வெள்ளைக்காரர்கள் இதைக் காசு கொடுத்துச் செய்கிறார்களாம். இங்கே அனுப்பினால் நான் இலவசமாகவே விடுவேன்.

"நீ எங்கடா மாவாட்டுற, கல்லோட மல்லுக்கட்டுற" என்று ஆத்தாவும் எதிரே உட்கார்ந்துவிட்டாள். எண்பத்திரண்டு வயது. காபி டம்ளரைப் பிடித்தாலே பாதி தளும்பும் கை.

கிரைண்டரில் சட்டி சுற்றும், குழவி சொகுசாக ஒரே இடத்தில் நிற்கும். இதில் குழவிதான் சுற்றணும். நான் சுற்றச் சுற்ற, ஒதுங்குகிற மாவை ஆத்தாவின் விரல்கள் குழிக்குள் தள்ளிவிட்டு, குழவி திரும்புவதற்குள் வெளியே வந்துவிடும். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவள் கல்லைப் பார்க்கக்கூட இல்லை. பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மனகோலப் பலகாரம் நமுத்துப் போயிருந்ததை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரலில் நடுக்கமே இல்லை.

மாப்பிள்ளை ஏழாவது பணியாரத்தில் கேட்டார்: "ஆயா, லேசா ஓமவாசம் வருதே?"

"செரிமானத்துக்குப்பா" என்றாள் ஆத்தா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

குழவி இன்னும் கிணற்றடியில்தான் கிடக்கிறது. கதவு காற்றுக்கு டமார் டமார் என்று அடிக்கிறது. தூக்கிவரப் போனால், "இருக்கட்டும்டா, வெள்ளிக்கிழமையும் ஆட்டணும்."

வெள்ளிக்கிழமை கரண்ட் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.