உங்கள் அணி, எங்கள் அணி

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து இறங்கியபோது, எனக்கு இங்கே தெரிந்தவர் என்று என் கணவரைத் தவிர ஒருவரும் இல்லை. அவர் உட்லண்ட்சில் சிப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் பன்னிரண்டு மணி நேர முறையில் வேலை பார்க்கிறார். இரவுப் பணி வாரங்களில் மாலை ஏழு மணிக்குள் உள்ளே போனால் மறுநாள் காலை ஏழுக்குத்தான் வெளியே வருவார். எங்கள் புளோக்கின் ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில், எங்களுக்கு அடுத்த வீட்டு வாசலில் மாவிலைத் தோரணத்தைப் பார்த்ததும் மனத்தில் ஒரு தெம்பு வந்தது. அந்த வீட்டு ஆண்டிதான் முதல் வாரத்தில் தேக்காவுக்கு எந்தப் பேருந்து, வாழையிலை எந்தக் கடையில் என்று சொல்லிக்கொடுத்தவர்.

அங்கிள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் பேச்சிலேயே நான் உற்சாகத்தில் "நம்ம ஊர்ல எல்லாம்" என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பலேறினவரும்மா. எனக்கு ஊர் இதுதான்" என்று மெதுவாகச் சொன்னார். அதே தமிழ், அதே ரசம், அதே பெருமாள் கோயில். ஆனாலும் என் 'நம்ம' அவருடைய வாசலில் நின்றுவிட்டது. எதிரில் இருப்பவரைச் சேர்த்துக்கொண்டால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்' என்பது பிறந்ததிலிருந்து யோசிக்காமல் பேசி வந்த விஷயம். இங்கே வந்த பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் அதை யோசிக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் என்னை வாட்டிய தனிமையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அக்டோபர் 14ஆம் தேதி மகாளய அமாவாசை. புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமையும் அதுவே. காலையில் ஆண்டியோடு சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் வரிசையில் நின்று தரிசித்துவிட்டு வந்தேன். பிற்பகலில் அகமதாபாத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் உலகக் கோப்பை கிரிக்கெட் ஆட்டம். பாகிஸ்தான் 191 ஓட்டங்களில் சுருண்டது. இந்தியா 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றபோது இங்கே இரவு பத்து மணிக்கு மேலாகிவிட்டது. கணவர் வேலையில் இருந்தார். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்ற தவிப்பில் பக்கத்து வீட்டுக்குப் போய், "நாம ஜெயிச்சுட்டோம் அங்கிள்" என்றேன். "ஆமாம்மா, பார்த்தேன். உங்க ஆளுங்க நல்லா ஆடினாங்க" என்றார் அவர்.

அவர்களுடைய மகள் ஒரு மருத்துவர். நான் அவரை டாக்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அப்போது தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கொலுப்படி கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் நவராத்திரி தொடக்கம். மேல் படியில் மரப்பாச்சிகள், கீழே செட்டியாரும் ஆச்சியும் அரிசி பருப்போடு கடை விரித்திருந்தார்கள். தரையில் மணல் பரப்பிக் கடுகு தூவிய பூங்காவில், குளத்துக்குப் பதிலாக ஐஸ்கிரீம் குச்சிகளை ஏணிப் படிபோல ஒட்டி இரண்டு கம்பங்களை நட்டிருந்தார். ரக்பி ஆட்டத்தின் கோல் கம்பம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்று தெரியாது. "ராத்திரி மூணு மணிக்கு எங்க ஆட்டம் இருக்கு. தனியாத்தானே இருக்கீங்க, வாங்க" என்று அழைத்தார்.

அவர் 'எங்க' என்றது அயர்லாந்தை. டப்ளினில் மருத்துவம் படித்தவர் அவர். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அங்கே மருத்துவம் படிக்கப் போனவர்கள் நிறையப் பேர். மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் முதல் குளிர்காலத்தில், அறையை விட்டு வெளியே வராமல் அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு, வீட்டுக்கார அம்மாள் பச்சைக் கம்பளி மஃப்ளர் ஒன்றைக் கொடுத்து லான்ஸ்டவுன் சாலை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். அயர்லாந்துத் தீவு அரசியலில் இரண்டாகப் பிரிந்திருந்தாலும் ரக்பியில் அதற்கு ஒரே அணிதான் என்று அந்த அம்மாள் சொன்னதிலிருந்து தான் அந்த அணியின் ஆள் ஆகிவிட்டதாக அக்கா சொன்னார். அந்த மஃப்ளர்தான் அன்றிரவு இந்த ஊர்ப் புழுக்கத்திலும் அவர் தோளில் கிடந்தது. அவரோடு படித்த, ஈப்போவில் பிறந்த இரண்டு தமிழ் மருத்துவர்களும் நள்ளிரவுக்கு மேல் வந்து சேர்ந்தார்கள்.

பாரிசில் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் உலகக் கோப்பைக் காலிறுதி, எதிரணி நியூசிலாந்து. அயர்லாந்து அதற்கு முன் தொடர்ச்சியாக 17 ஆட்டங்களில் வென்றிருந்தது. அந்த ஆண்டு ஆறு நாடுகள் தொடரில் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்திருந்தது. அதே உலகக் கோப்பையின் முதல் சுற்றில் தென்னாப்பிரிக்காவை 13-8 என்று வீழ்த்தியிருந்தது. ஆனால் உலகக் கோப்பைகளில் அதற்கு முன் ஏழு முறை காலிறுதிக்கு வந்து ஏழு முறையும் தோற்ற அணி அது. நியூசிலாந்தோ மூன்று முறை கோப்பையை வென்ற அணி.

அங்கிள் இளமையில் பள்ளி அணிக்காகப் பாடாங் திடலில் ரக்பி ஆடியவர். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் கபடியிலிருந்து தொடங்கினார். பாடி வருபவனை நான்கு பேர் மடக்குவது போல இங்கே பந்தோடு ஓடி வருபவனை மடக்குவார்கள். கீழே விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும், பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. கையால் பந்தை முன்னால் எறியவும் கூடாது, பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, அதற்கு 5 புள்ளி. ஒருவன் மடக்கப்பட்டு விழுந்து, அவனுடைய ஆட்கள் பந்தை மீட்டு அடுத்தவனிடம் கொடுக்கும் ஒவ்வொரு சுற்றையும் ஒரு ஃபேஸ் என்று எண்ணுவார்கள்.

இருபது நிமிடத்தில் நியூசிலாந்து 13-0 என்று முன்னால் போய்விட்டது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் வீட்டில் மின்விசிறியின் ஓசைதான் பெரிதாகக் கேட்டது. பிறகு அயர்லாந்துக்காக பண்டி ஆக்கி ஒரு ட்ரை வைத்தார். இடைவேளைக்குச் சற்று முன் ஜேமிசன் கிப்சன்-பார்க் இன்னொன்று வைத்தார். 18-17. இருவருமே நியூசிலாந்தில் பிறந்தவர்கள் என்று அக்கா சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே அணியில் ஆடிய ஜேம்ஸ் லோவும் அங்கே பிறந்தவர்தானாம். பிழைப்புக்காகப் புது நாட்டுக்குப் போய், அங்கே காலூன்றி, பிறந்த நாட்டுக்கு எதிராக இறங்கி ஓடியவர்கள். அவர்களுடைய தாய் தகப்பன் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் கை தட்டியிருப்பார்கள் என்ற எண்ணமே ஆட்டம் முடியும் வரை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசிக் கட்டத்தில் கணக்கு 28-24, நியூசிலாந்து முன்னிலை. அயர்லாந்தின் ரோனன் கெலஹர் கோட்டைத் தாண்டி விழுந்தும், ஜோர்டி பாரெட் அடியில் புகுந்துகொண்டதால் பந்து தரையைத் தொடவில்லை. அதன் பிறகு நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். அயர்லாந்து பந்தை விடாமல் அடித்து அடித்து முன்னேறியது. அங்கிள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பத்து, பதினைந்து, இருபது. எண்பது நிமிடம் முடிந்துவிட்டது. ஆனால் பந்து ஆட்டத்தில் இருக்கும் வரை விசில் கிடையாது. ஆண்டி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, கொலுப்படியின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார், யாராவது குதித்தால் பொம்மை சரிந்துவிடும் என்று. முப்பது. முப்பத்தைந்து. ஐந்து நிமிடத்துக்கும் மேலாக, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒரு தவறுகூடச் செய்யாமல் ஆடினார்கள். 37ஆவது ஃபேசில், நியூசிலாந்தின் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்த சாம் வைட்லாக் பந்தின் மேல் கவிந்து அதைக் கவ்விக்கொண்டார். நடுவர் வெய்ன் பார்ன்ஸ் நியூசிலாந்துக்குப் பெனால்டி கொடுத்தார். ஆட்டம் முடிந்தது.

அங்கிளின் விரல் அப்படியே மடங்காமல் நின்றது. ஈப்போக்காரர்களில் ஒருவர் நடுவரைக் குறை சொன்னார். மற்றவர், அயர்லாந்து அணித்தலைவர் ஜானி செக்ஸ்டன் இரண்டாம் பாதியில் தவறவிட்ட பெனால்டியைச் சொல்லி, அந்த மூன்று புள்ளி இருந்திருந்தால் கடைசியில் ட்ரைக்காக அலையாமல் இன்னொரு பெனால்டி உதையே போதுமாக இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டார். முதல் இருபது நிமிடத்தைக் கோட்டைவிட்டதுதான் காரணம் என்றார் அங்கிள். மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் திரையைப் பார்த்தேதான் பேசினார்கள். அக்கா ஒன்றுமே சொல்லவில்லை. திரையில், இந்தக் கோப்பையோடு ஓய்வு பெறப்போவதாக முன்பே அறிவித்திருந்த 38 வயது செக்ஸ்டன் தன் மகனோடு புல்வெளியில் நின்றுகொண்டிருந்தார்.

தேற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் நான், "விடுங்கக்கா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை; ஆனால் கண் கலங்கியிருந்தது. "அவருக்கு அடுத்த தடவை இல்லைம்மா" என்றார். சற்றுப் பொறுத்து, "நாங்க தோத்துட்டோம்" என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். ஆண்டி எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தார். விடிய இன்னும் வெகுநேரம் இருந்தது. என் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகும் அந்த 'நாங்க' என்னைவிட்டுப் போகவில்லை. சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, நான் அந்த அணியின் ஆள் இல்லைதான். ஆனாலும் நான்கு மாதத்தில் முதல்முறையாக ஒரு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்துவிட்டு, வாசலுக்கு வெளியே நிற்பதாகத் தோன்றியது.

மறுநாள் அதே நேரத்தில் பிரான்ஸ் தன் சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவிடம் 28-29 என்று ஒரே புள்ளியில் தோற்றது. அதை அங்கிள் மட்டும் பார்த்தார். அந்த வாரம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போனபோது கொலுப் பூங்காவில் கடுகு இரண்டு அங்குலம் முளைத்திருந்தது. குச்சிக் கம்பங்களை அக்கா எடுக்கவில்லை. முளைகளுக்கு நடுவில் அவை பாதி மறைந்து நின்றன.

நவம்பர் 19ஆம் தேதி, தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தொடர்ந்து பத்து ஆட்டங்களில் வென்ற இந்தியா இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவைச் சந்தித்தது. அன்று என் கணவருக்கு விடுமுறை. மாலை நான்கரை மணிக்கு ஆட்டம் தொடங்கும்போதே அங்கிளும் அக்காவும் ஒரு டப்பா நிறைய முறுக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "உங்க ஆளுங்க இன்னைக்கு எப்படி?" என்று கேட்டுக்கொண்டேதான் அங்கிள் உட்கார்ந்தார். இந்தியா 240க்கு ஆட்டமிழந்தது. ஆஸ்திரேலியா 47க்கு 3 விக்கெட் என்று தடுமாறியபோது வீடே எழுந்து நின்றது. பிறகு டிராவிஸ் ஹெட் நின்றுகொண்டார். ஓவர் ஓவராக ஓட்டம் ஏறிக்கொண்டே போனது. இரவு பதினோரு மணிக்கு மேல், ஹெட் நூறைக் கடந்த பிறகு, அங்கிள் முன்னால் சாய்ந்து, "நமக்கு ஒரு விக்கெட், ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் ஆட்டம் ஒரு கணம் நின்றுவிட்டது.

ஹெட் 137 எடுத்து வெளியேறியபோது வெற்றிக்கு இரண்டு ஓட்டமே மிச்சம். ஆறு விக்கெட்டில் தோல்வி. நான் அழுதேன். என் கணவர் தொலைக்காட்சியை அணைக்கப் போனார். "இருக்கட்டும், பரிசு கொடுக்கிற வரைக்கும் பார்க்கலாம்" என்று அக்கா தடுத்தார். அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, அடுத்த தடவை என்ற பேச்சையே எடுக்கவில்லை. நள்ளிரவு தாண்டியும், மறுநாள் காலையில் பணி இருந்தும், என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்க் காப்பித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

2024ஆம் ஆண்டு மே மாதம் காலாங்கில் உள்ள தேசிய விளையாட்டரங்கில் ஏழு பேர் ஆடும் ரக்பிப் போட்டிக்கு அங்கிள் எனக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு எடுத்திருந்தார். ஆண்டிக்கு முழங்கால் வலி, வரவில்லை. இந்த ஆட்டம் பாதிக்கு ஏழே நிமிடம்தான். கண் இமைத்தால் ஒரு ட்ரை போய்விடும். ஐந்தாம் தேதி இறுதி ஆட்டத்துக்கு வந்தது அயர்லாந்து; எதிரே மறுபடியும் நியூசிலாந்து. அக்கா அந்த மஃப்ளரின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். கம்பளி நைந்து, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. நான் அதை விரலில் சுற்றிக்கொண்டு, எனக்குத் தெரிந்த மட்டும் கத்தினேன். 17-14 என்று நியூசிலாந்து வென்றது.

விசில் ஊதியதும் நான் பேசவில்லை. அங்கிள் எழுந்து நின்று நியூசிலாந்துக்காரர்களுக்குக் கை தட்டினார். நாங்களும் எழுந்து தட்டினோம். கூட்டத்தோடு கூட்டமாக ஸ்டேடியம் நிலையத்துக்குள் இறங்கி ரயிலுக்காக நின்றபோது அக்காவின் கைப்பேசி அடித்தது. ஆண்டி. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, எடுக்க மனமில்லாமல், என்னிடம் நீட்டினார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் ஆண்டி.

"நாம தோத்துட்டோம் ஆண்டி" என்றேன்.

"சரி, வாங்க. தோசைக்கல்லைப் போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.