பாதி டிக்கெட்டில் ஒரு விண்கல் ஏரி

லோணார் ஏரிக்குப் போய்வந்த செலவுக் கணக்கை எழுதித் தரும்படி எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையே கேட்கிறது. எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் அந்த இரவுப் பஸ்ஸைத் திட்டித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தருமபுரியிலிருந்து பெங்களூரு வரை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து புனேக்குத் தனியார் படுக்கை பஸ், பெயர் வேண்டாம். ஒரு படுக்கைக்கு 1,600 ரூபாய். அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் சேர்ந்து வந்ததால் அந்த விலையாம். எனக்குக் கிடைத்தது மேல் படுக்கை. முகத்துக்கு நேர் மேலே ஏசி துவாரம், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய செய்தித்தாளை நான்காக மடித்துத் துவாரத்தில் செருகிவிட்டு, பெரிய வேலை முடித்தவர் போலப் போய்விட்டார். சித்ரதுர்கா தாண்டுவதற்குள் அந்தத் தாள் ஊறிக் கூழாகி என் நெற்றியில் விழுந்தது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். நள்ளிரவில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் தூங்கப் போய்விட்டாராம். ஆண்கள் இருட்டில் ஒதுங்கிவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் புறப்படுவதற்கு ஹாரன் அடிக்கிறார். கூட வந்த அண்ணி பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருப்பவர், பாதிப் பேர் வடமாநிலத் தொழிலாளர்கள் என்பதால் இந்தி அவருக்குச் சரளம். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் சாவி வந்தது, தூங்கப் போனவரே கொண்டுவந்தார்.

சரி, ஏன் லோணார்? உலகத்தின் விசித்திரமான ஏரிகள் என்று நான் பல வருடங்களாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு அமிலம், காரம் நடத்தும்போதெல்லாம் அதில் ஒன்று கூடும். ஆஸ்திரேலியாவின் ஹில்லியர் ஏரி இளஞ்சிவப்பு நிறம். அதுவோ கடலுக்குள் ஒரு தீவில் இருக்கிறது, பெரும்பாலானவர்கள் சிறு விமானத்தில் பறந்தபடி மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காலை நனைக்க முடியாத ஏரிக்கு அவ்வளவு பணமா என்று அதை முதலிலேயே அடித்துவிட்டேன். இந்தோனேசியாவின் ஃப்ளோரஸ் தீவில் கெலிமுத்து எரிமலை உச்சியில் பக்கம் பக்கமாக மூன்று ஏரிகள், மூன்றும் வெவ்வேறு நிறம். அடியிலிருந்து வரும் எரிமலை வாயுக்கள் மாறமாற ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு நிறம் மாறும். தான்சானியாவின் நேட்ரான் ஏரி சோடாக் காரத்தால் தோலை எரிக்கும். பூநாரைகளுக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. கஜகஸ்தானின் கைண்டி ஏரி இன்னும் விசேஷம். 1911 நிலநடுக்கத்தில் மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் தண்ணீர் தேங்கி ஒரு காடே மூழ்கிவிட்டது. அந்த மரங்களின் தண்டுகள் இன்றும் தண்ணீருக்கு மேலே மொட்டையாக நிற்கின்றன.

அரசுப் பள்ளி ஆசிரியை சம்பளத்தில் வீட்டுக் கடன் போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால், இந்தப் பட்டியலில் பஸ்ஸில் போகக்கூடியது லோணார் ஒன்றுதான். மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டத்தில் இருக்கிறது. விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கிய ஏரி. வெளிநாட்டு விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள். நம் ஆட்கள் அஜந்தா, எல்லோரா பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். எல்லோராவுக்கு நாங்களும் போனோம். அதைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது, நான் வேண்டாம்.

புனேயிலிருந்து அரசுப் பஸ்ஸில் சத்ரபதி சம்பாஜிநகர், அதாவது பழைய அவுரங்காபாத். அங்கிருந்து ஜால்னா, சிவாஜியின் தாய் ஜீஜாபாய் பிறந்த சிந்த்கேட் ராஜா வழியாக லோணார். மகாராஷ்டிர அரசுப் பஸ்களில் 2023 முதல் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். நம் ஊர் டவுன் பஸ்போல முழு இலவசம் இல்லை, ஆனால் வெளியூர்ப் பஸ்ஸுக்கும் உண்டு. நடத்துநர் பாதி டிக்கெட்டை நீட்டியபோது அண்ணியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிவப்பு நிறத்தில் ஓடும் அந்தப் பஸ்ஸை அங்கே ‘லால் பரி’, சிவப்பு தேவதை, என்று செல்லமாக அழைக்கிறார்கள். தேவதையின் ஜன்னல் கண்ணாடி வழியெல்லாம் கடகடவென்று அடித்தது, இருக்கையில் பஞ்சு இருந்ததற்கான அடையாளம் மட்டும் இருந்தது. இருந்தாலும் அந்த 1,600 ரூபாய் படுக்கையைவிட இதில் நிம்மதியாகத் தூங்கினேன்.

லோணார் பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். பள்ளம் நான்கு கிலோமீட்டர், காட்டு வழி, நடக்க முடியாது, 300 ரூபாய். ஹொகேனக்கல் பரிசல் துறையில் பேரம் பேசிப் பழகிய அண்ணியே 200க்குக் குறைக்கத்தான் முடிந்தது. ஏறி உட்கார்ந்து, பையைச் சரியாக மடியில் வைப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார். தூரம் எப்படிப் பார்த்தாலும் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது, காடும் இல்லை, தார்ச்சாலை. அண்ணி இறங்காமல் அப்படியே உட்கார்ந்துகொண்டு, மீதி இரண்டு கிலோமீட்டரையும் ஓட்டு என்றார். கடைசியில் 100 ரூபாய்க்கு முடிந்தது. லோணாருக்குப் போகிறவர்களே, நடந்து போங்கள்.

இனி ஏரி.

விளிம்பில் போய் நின்றதும் முதலில் தோன்றியது, இது இயற்கை செய்ததாக இருக்க முடியாது என்பதுதான். கவராயம் வைத்து வரைந்த வட்டம். ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் குறுக்களவு, விளிம்பிலிருந்து 150 மீட்டர் அளவுக்கு ஆழம். சரிவு முழுக்கக் காடு, அடியில் பாசிப் பச்சையில் அசையாத தண்ணீர். எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையில் விண்கல் மோதி உண்டான பள்ளங்கள் பூமியில் மிகச் சிலவே. நிலவிலும் செவ்வாயிலும் இப்படிப்பட்ட பாறையில்தான் பள்ளங்கள் நிறைய இருப்பதால், அங்கே போக முடியாதவர்கள் லோணாரில் வந்து கல் பொறுக்குகிறார்கள். எரிமலை வாய் என்றுதான் வெகுகாலம் பலரும் நினைத்திருந்தார்கள். பெரும் அதிர்ச்சியில் மட்டுமே உண்டாகும் மாஸ்கெலினைட் என்ற கண்ணாடி இங்கே கிடைத்தது, 1970களில் விண்கல் கட்சி ஜெயித்தது. வயதைக் கேட்டால் வழிகாட்டிகள் 52,000 வருடம் என்கிறார்கள். அது பழைய கணக்கு; பின்னால் பாறைக்குள் இருக்கும் ஆர்கான் வாயுவை வைத்து வயதைக் கணிக்கும் முறையில் அளந்தபோது சுமார் 5,70,000 என்று வந்தது. எங்கள் வழிகாட்டியிடம் சொன்னேன். இரண்டையும் சொல்கிறேன் மேடம், விருப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

சுற்றுலா வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விளிம்பில் செல்ஃபி எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுகிறார்கள். சுத்த வீண். இறங்கினால்தான் லோணார். கால் வைத்தால் உருளும் கற்கள், சீதாப்பழ மரங்கள், குரங்குகள், ஒரு மயில். பாதி இறங்கியபோதே அழுகிய முட்டை நாற்றம் வந்துவிட்டது. ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடு தயாரிக்கும்போது மாணவிகள் முகத்தைச் சுளிப்பார்கள். இங்கே ஓர் ஏரியே அதைச் செய்துகொண்டிருக்கிறது.

கரையில் சேற்றின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வழிகாட்டி சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மண்ணில் தேய்த்தார். கறுப்புத் துகள்கள் மீசைபோல ஒட்டிக்கொண்டன. அடுத்து மஞ்சள் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணியின் கைப்பையில் எது இல்லை? புறப்படும் முன் கோயிலில் கொடுத்த மஞ்சள் பொட்டலம் இருந்தது. வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு சிட்டிகை தேய்த்து ஏரித் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டார். மஞ்சள் ஓரத்திலிருந்து உள்நோக்கி அப்படியே சிவந்தது. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் வரும் அதே சிவப்பு. சுண்ணாம்பு செய்யும் வேலையை இங்கே தண்ணீரே செய்கிறது, அவ்வளவு காரம். அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 10 அளவில் இருக்கிறது, 7-க்கு மேல் போனாலே காரம்தான். வகுப்பில் மஞ்சள் தடவிய காகிதத்தை சோப்புத் தண்ணீரில் நனைத்து எத்தனையோ வருடம் காட்டியிருக்கிறேன். கரையில் நின்று நான் கைதட்டியதைப் பார்த்து அண்ணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும் என்று காட்ட ஆசைதான், ஆனால் அந்தக் கைப்பையிலும் எலுமிச்சை இல்லை. அக்பர் காலத்திலேயே இந்தப் பகுதியின் காரத்தில் கண்ணாடியும் சோப்பும் செய்யலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இளஞ்சிவப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஜூனில் ஏரி ஒரே அடியாக நிறம் மாறிச் செய்தியில் வந்தது. புனேயின் அகர்கர் ஆய்வு நிறுவனம் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளே காரணம் என்று சொன்னது. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு கூடும்போது அவை பெருகி நிறத்தைக் கொடுக்கின்றன. மழை பெய்தால் நிறம் போய்விடும். அதே வருடம் நவம்பரில், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏரி இடம் பிடித்தது. யூடியூபில் ரோஜா சர்பத் நிறத்தில் காட்டுகிறவர்களை நம்பி டிசம்பரில் போனால் பச்சையைத்தான் பார்ப்பீர்கள். எனக்கு அந்தப் பச்சையே போதும். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணையில் கழிவுநீர் கலந்து வெள்ளை வெள்ளையாக நுரை பொங்குவதையும் சிலர் அழகென்று படம் எடுக்கிறார்கள். அதையும் இதையும் ஒரே பட்டியலில் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

கரையோரம் இடிந்த கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. கமலஜா தேவி கோயிலில் மட்டும் பூசை நடக்கிறது. மேலே ஊருக்குள் தைத்ய சூதன் கோயில், சாளுக்கியர் காலத்து வேலைப்பாடு. லோணாசுரனை விஷ்ணு வதம் செய்த கதை அங்கே. விளிம்பில் தாரா என்ற ஊற்று, பசுவின் வாய் வழியாக வருடம் முழுக்க நல்ல தண்ணீர் கொட்டுகிறது. கீழே வாயில் வைக்க முடியாத காரம், மேலே குடிக்கிற தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச தூரம் நடைதான்.

ஏறி வந்தபோது பசி கண்ணை மறைத்தது. பலகை எதுவும் இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் ஓர் அம்மா சோளமாவைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கையாலேயே தட்டி, தோசைக்கல்லில் போட்டு, கடைசியாக நேராக அடுப்புத் தணலில் நிறுத்தி உப்ப வைத்தார். அதுதான் பாக்ரி. கூடவே கடலைமாவில் செய்த கெட்டியான பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் நசுக்கிய டேச்சா. வெங்காயத்தை வெட்டவில்லை, முஷ்டியால் ஒரே குத்து. டேச்சாவைத் தொட்ட முதல் வாயில் எனக்குக் காது அடைத்தது. ராகிக் களியும் மிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கே அந்த நிலை. தட்டு 120 ரூபாய், பாக்ரி கேட்கக் கேட்க. அண்ணி எத்தனை சாப்பிட்டார் என்பதை எண்ணவில்லை, அண்ணனிடம் சொல்வதாகவும் இல்லை. புறப்படும்போது அந்த அம்மா இன்னும் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி வழிக்கு என்று கையில் திணித்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கணக்கு கேட்டவர்களுக்கு: அறை, சாப்பாடு, வழிகாட்டி, போக வர எல்லா பஸ்ஸும் சேர்த்து ஆளுக்கு எட்டாயிரத்துக்குள் முடிந்தது. அதில் பெரும்பங்கைப் போக வர பெங்களூரு-புனே பஸ்ஸே தின்றுவிட்டது. திரும்பும்போது வேறு நிறுவனம், ஒழுகவில்லை. லோணாரில் நல்ல விடுதிகள் குறைவு, விடுமுறையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். காலையிலேயே இறங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் ஏறுவது கஷ்டம். செருப்பு வேண்டாம், ஷூ. குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். வழிகாட்டிக்கு 500 கொடுத்தோம், நியாயம். மஞ்சள் பொட்டலம் மறக்காதீர்கள்.

கைண்டி ஏரி பற்றி அண்ணியிடம் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். கஜகஸ்தானுக்கு 2022 முதல் இந்தியர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிற்சாலையில் உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து ஒரு சீட்டு ஆரம்பித்திருக்கிறார், எனக்கும் ஒரு பங்கு. முதல் தவணை போன வாரம் கட்டியாகிவிட்டது. அண்ணனுக்கு இன்னும் தெரியாது.