பாலாற்றுக் கிணறுகளின் தரவைப் பொதுவில் வைத்தபோது

வாலாஜாபேட்டையிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்றை ஒட்டிய 42 கிணறுகளில் நீர் எடுத்து, தோல் பதனிடுதலால் சேரும் குரோமியத்தை அளந்து ஒரு கட்டுரை எழுதினேன். மூலத் தரவைப் பொதுக் களஞ்சியம் ஒன்றில் இட்டு, அதை நிலையாக அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணைத் தரும்படி இதழாசிரியர் கேட்டார். ஒரு பிற்பகல் வேலை என்று எண்ணினேன். ஏழு வாரம் பிடித்தது.

மூன்றாம் ஊரின் ஐந்தாம் கிணறு என்பதற்காக நான் '3-5' என்று இட்டிருந்த குறியை எக்செல் மே 3 ஆக்கியிருந்தது. மரபணுப் பெயர்கள் இப்படித் தேதியாகி, 2020இல் அவற்றில் சிலவற்றின் பெயரையே மாற்ற நேர்ந்ததைப் படித்துச் சிரித்தவன் நான். கருவியின் கண்டறியும் எல்லைக்குக் கீழிருந்த அளவுகளைச் சில கட்டங்களில் சுழியம் என்றும், சிலவற்றில் வெற்றிடமாகவும் விட்டிருந்தேன். குடிநீருக்கான இந்திய வரம்பே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்கையில், சுழியம் வேறு, அளக்காமல் விட்டது வேறு. போதாக்குறைக்கு எல்லா ஊரையும் வேலூர் மாவட்டம் என்றே எழுதியிருந்தேன்; 2019 பிரிப்புக்குப் பின் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் வாலாஜாபேட்டை இராணிப்பேட்டைக்கும் போய்விட்டன.

இவையெல்லாம் உழைப்பால் தீர்ந்தன. கிணறுகளின் இருப்பிடம் அப்படித் தீரவில்லை. நீர் எடுக்கப் போன நாளில் ஒரு விவசாயி, "என் கிணறு கெட்டுப்போச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சா நிலத்த எவன் தம்பி வாங்குவான்?" என்று கேட்டிருந்தார்; பெயர் வெளிவராது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் ஐந்து தசம இடம் கொண்ட அட்சரேகை, தீர்க்கரேகை, பெயரைவிடத் துல்லியமாக அவருடைய கிணற்று மேட்டிலேயே கொண்டுபோய் நிறுத்தும். நெறியாளருடன் இரண்டு நாள் வாதிட்டு, இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினேன். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மங்கல். நிலத்தடி நீரோட்டத்தைக் கணிப்பவருக்கு இது குறைதான் என்பதை அறிந்தே செய்தேன், செய்ததை விளக்கக் கோப்பிலும் எழுதினேன்.

ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் செனோடோ களஞ்சியத்தில், பெயர் சுட்டிப் பயன்படுத்தலாம் என்னும் சிசி பை உரிமத்தில் ஏற்றினேன். வெளியிட்ட மறுநாளே அட்டவணையின் ஒரு நிரலில் அலகு விடுபட்டிருந்தது தெரிந்தது. வெளியிட்டபின் கோப்பை நாமாக மாற்ற அப்போது வழியில்லை என்பதால் இரண்டாம் பதிப்பு, அதற்கொரு புதிய டிஓஐ.

நான்கு மாதம் கழித்து, முன்பின் அறியாத ஆய்வாளர் ஒருவர் எழுதினார்: "நீர் எடுக்குமுன் மோட்டாரை எத்தனை நிமிடம் ஓடவிட்டீர்கள்?" பத்து நிமிடம். குறிப்பேட்டில் இருந்தது, விளக்கக் கோப்பில் இல்லை. அன்றிரவே மூன்றாம் பதிப்பை ஏற்றினேன்.