இயற்பியலில் இருந்து வளிமண்டல ஆய்வுக்கு

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு வளிமண்டல அறிவியலில் பிஎச்.டி. செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகச் செய்யலாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல் அறிவியலுக்குத் தனித் தாள் உண்டு. நான் இயற்பியல் தாளில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கித்தான் வந்தேன். நேர்காணலில் நான் பயந்த மாதிரி வானிலை பற்றிக் கேட்கவில்லை. மேலே ஏறும் காற்று ஏன் குளிர்கிறது என்றார்கள். அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதற்குத் தன் ஆற்றலையே செலவிடுகிறது. வெப்ப இயக்கவியலை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது சிரமமே இல்லை.

முதல் வருடம் பாடங்களும் பைத்தான் நிரல் எழுதுவதுமாக ஓடியது. அப்புறம்தான் ரேடியோசோண்ட், அதாவது பலூனில் மேலே போய் வெப்பநிலை, ஈரப்பதம் போன்றவற்றை அளந்து ரேடியோவில் அனுப்பும் சிறு கருவி. மாலை 5.30 மணி, அதாவது உலகப் பொது நேரப்படி 12 மணியை (12 யு.டி.சி.) ஒட்டிப் பலூன் விட வேண்டும். கருவி காட்டும் அளவு தரை அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, பலூனில் வாயு நிரப்பி, கருவியைக் கயிற்றால் அதில் கட்டிப் பறக்க விடுவோம். நிமிடத்துக்குச் சுமார் 300 மீட்டர் ஏறி, 30 கிலோமீட்டர் வாக்கில் வெடிக்கும்.

ஜூலை மாதப் பலூன்கள்தான் எனக்கு உயிர். தென்மேற்குப் பருவக்காற்று முதலில் அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். ஆறேழு கிலோமீட்டர் தாண்டியதும் திரையில் பலூனின் பாதையைக் காட்டும் கோடு தயங்கி, வளைந்து, மேற்கே திரும்பும். 15 கிலோமீட்டருக்கு மேல் காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரையும் கடக்கும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று அது; உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வேகமாக ஓடும் காற்றோட்டம். 1950களில் நம் வானிலையாளர் பி. கோடீஸ்வரம் விவரித்தது. பாடத்தில் படித்த ஒன்று தலைக்கு மேலே ஓடுகிறது என்று பார்த்த அந்த மாலையில்தான் இந்தத் துறையிலேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஆனால் வருடங்களைத் தின்றது தரவைச் சுத்தம் செய்யும் வேலை. மேலே மைனஸ் 80 டிகிரி வரை இறங்கும் குளிரில் ஈரப்பத சென்சார் மந்தமாகிவிடும். வெயில் பட்டால் உண்மையைவிட வறட்சியாகக் காட்டும். என் முதல் கட்டுரைக்கு வந்த கடினமான கேள்வியே இதுதான்: மேலடுக்கு வறட்சி உண்மையா, கருவியின் கோளாறா? பகல், இரவுப் பலூன்களைத் தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட்டுக் காட்டிய பிறகே ஏற்றார்கள்.

சேருமுன் வழிகாட்டியிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கருவிகளோடு வேலை உண்டா, கணினி மாதிரிகள் மட்டும்தானா? இரண்டுமே நல்ல ஆய்வுதான். ஆனால் கருவி வேலை உண்டென்றால் மழைக்காலத்தில் ஊருக்குப் போகும் திட்டம் வேண்டாம்.