உச்சந்தலையில் எண்ணெய் வேண்டாம்
தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மனச்சோர்வுக்காக மின்னதிர்வு சிகிச்சைக்கு (தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவைக்கும் ECT) வருபவர்களே, முந்தின நாளே ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மின்தடையைக் கூட்டும்.

இருபக்க முறையில், தலையின் இருபுறமும் காதுக்கும் கண்ணின் வெளி ஓரத்துக்கும் இடைப்பட்ட கோட்டின் நடுவிலிருந்து சுமார் 3 செ.மீ. மேலே மின்முனைகள். வலிப்பு வரவைக்கும் குறைந்தபட்ச மின்னளவில் 1.5 மடங்கு போதும். பலன் சீக்கிரம் தெரியும், மறதியும் கூடும். வலப்பக்க முறையில் ஒன்று வலது நெற்றிப்பொட்டில், மற்றது உச்சிக்குச் சற்று வலப்புறம். இதற்கு 6 மடங்கு வேண்டும். குறைவாகக் கொடுத்துவிட்டு முறையைக் குறை சொல்லக்கூடாது.

சிக்கல் உச்சியில்தான். அடர்ந்த கூந்தலை வகிடெடுத்து, தோலில் பதிய அழுத்தாவிட்டால் சுட்டுவிடும். ஜெல் இரு முனைகளுக்கும் நடுவே வழிந்தால் மின்சாரம் தலைத்தோலோடு ஓடிவிடும், வலிப்பே வராமல் போகலாம்.

சோறு தண்ணீரை ஒதுக்கி, உயிருக்கே ஆபத்தென்றால் இருபக்க முறையிலேயே தொடங்கலாம்.